தோய்க்கிறவள்

ஆரே என்பது இந்த நதியின் பெயர்.
நான் ஆறே என்றுதான் கூப்பிடுவேன்.
முன்பு உலையைக் குளிரவைத்துவிட்டு
கொஞ்சம் சூட்டோடு கீழே போகும்.
இப்போது சும்மா போகிறது.

நிறுத்துவதற்கு இரண்டு பொத்தான் போதுமாயிருந்தது.
பிரித்து முடிக்கப் பதினைந்து வருஷமாம்.
பிரிக்கிறவர்களின் உடுப்பு
பைபையாக என்னிடம் வருகிறது,
மஞ்சள் அங்கி, காலுறை, பருத்திக் கையுறை.
ஒரு காலுறைக்குள் ஒருநாள்
யாருடையதோ குதிகால் பிளாஸ்டர் ஒட்டிக் கிடந்தது.

தோய்த்து, காயவைத்து,
அளக்கும் மேசையில் விரிப்பேன்.
பால்போல் வெளுத்த கையுறையைப் பார்த்து
இயந்திரம் கூடாது என்கிறது.
எண்ணெய்க் கறை போகாத பழைய அங்கிக்கு
சரி, போகலாம் என்கிறது.
அழுக்கென்று நான் அறிந்து வைத்திருந்ததெல்லாம்
இந்த மேசையில்தான் பிழைத்துப்போனது.

ஃபாத்மிரே கொசோவோக்காரி.
அவளுடைய ஜெர்மனுக்கும் என்னுடைய ஜெர்மனுக்கும்
நடுவில் இரண்டு யுத்தம் நிற்கும்,
ஆனாலும் விளங்கும்.
"எங்கட பக்கம் நிலக்கரி.
காலையில் கொடியில போட்ட வெள்ளைச் சீலை
பின்னேரம் சாம்பல் நிறம்.
அம்மா திருப்பித் தோய்ப்பா.
மூச்சுக்குழாயைத்தான் தோய்க்க ஏலாமல் போச்சு."
சொல்லிவிட்டு அடுத்த பையை அவிழ்ப்பாள்.

எனக்குப் பதினோரு வயதில் கரண்ட் போனது.
நான் வெளிக்கிடும்வரை திரும்பி வரவில்லை.
சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி
அண்ணன் பெடலைக் கையால் சுற்ற
டைனமோவில் ரேடியோ கேட்போம்.
அவன் களைத்தால்
செய்தி வாசிக்கிறவர் நடுவசனத்தில் அணைந்துபோவார்.
எத்தனை பேர் என்ற எண் வரும் நேரம் பார்த்து
அவன் கை எப்போதும் களைக்கும்.

அதனால் விளக்கைப் பற்றி
யாரும் லேசாகக் கதைத்தால் எனக்குக் கோபம் வரும்.

குசினி அலுமாரியில்
பெருங்காய டப்பாவுக்குப் பின்னால்
அயோடின் குளிசைப் பெட்டி இருக்கிறது.
அரசாங்கம் தபாலில் அனுப்பியது.
எந்தக் காய்ச்சலுக்கு, அம்மா? என்று
மகள் சின்னவளாயிருக்கையில் கேட்டாள்.
வராத காய்ச்சலுக்கு, என்றேன்.

கழிவைக் களிமண்ணுக்குள் இறக்கப் போகிறார்களாம்,
பத்து லட்சம் வருஷத்துக்கு.
மீன்குழம்பை மூன்றாம் நாள்
முகர்ந்து பார்க்காமல் சுடவைக்காதவள் நான்.

நேற்று ஸ்டேஷன் வாசலில்
காதுவரை தொப்பியை இழுத்துவிட்ட ஒரு பெண்
கையெழுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.
புது உலை வேண்டுமா, வேண்டாமா.
மார்கழியில் வெயில் இல்லை, காற்றும் சொன்னபடி வராது,
பக்கத்து நாட்டில் எத்தனை நாள் கடன் வாங்குவது,
பிள்ளைகளுக்கு எதை விட்டுப் போவது,
ஒரே மூச்சில் இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டு
நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

நான் தோய்க்கிறவள், என்றேன்.
விளங்கவில்லை.
எங்கே, எதை என்று சொன்னேன்.
நீட்டியிருந்த பேனா
ஒரு விரற்கடை பின்னுக்குப் போனது.
அவளுக்கே தெரிந்திருக்காது.
பிறகு தெரிந்துவிட்டது, முகம் சிவந்து
பேனாவை முன்னைவிட அதிகமாக நீட்டினாள்.

இந்த நாட்டுக் கட்டங்கள் சிறியவை.
தர்மவத— வரை எழுதினேன்.
ரயில் வந்துவிட்டது.
அரைப் பெயரை எண்ணுவார்களா தெரியாது.
பேனா என் பையில் கிடக்கிறது.

இன்று வேலை முடிந்து
அளக்கும் பெட்டிக்குள் ஏறி நிற்கிறேன்.
இரண்டு கையையும் துளைக்குள் விட்டேன்.
பக்கத்துப் பெட்டியில் ஃபாத்மிரே,
கண்ணை மூடிக்கொண்டு.
ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணிவந்த குரல்
பாதியில் நின்று,
பதிவு செய்த அதே மரியாதையோடு,
தயவுசெய்து இன்னும் கிட்ட வரவும்
என்கிறது.

போகிறேன்.